திண்டுக்கல் முதல் பழனி வரை: மலையடிவார ஊர்கள் வழியே மூன்று நாள் நடை

திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குச் சாலை வழியே சுமார் 60 கிலோமீட்டர். தைப்பூசத்துக்கு முந்தைய வாரங்களில் இந்தச் சாலையில் இரவும் பகலும் ஆள் நடமாட்டம் ஓயாது. மதுரைப் பக்கத்திலிருந்தும் காரைக்குடிப் பக்கத்திலிருந்தும் வருகிற பாதயாத்திரைக் கூட்டங்கள் திண்டுக்கல்லில் வந்து சேர்ந்து, இங்கிருந்து மேற்கே திரும்புகின்றன. குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம் வழியாக வரும் நகரத்தார் காவடிகள் பல நூற்றாண்டுகளாக நடக்கும் வழி இது. பழனியில் காவடி செலுத்தியபின் வந்த வழியே நடந்து திரும்புவதும் அவர்கள் வழக்கம்.

இந்தத் தூரத்தைப் பலர் ஒரு பகல் ஓர் இரவில் முடித்துவிட நினைக்கிறார்கள். அதன் விலையைப் பழனி அடிவாரத்தில் பார்க்கலாம். பாதம் முழுக்கக் கொப்புளத்தோடு, காலை ஊன்ற முடியாமல், படியேற வேண்டிய நேரத்தில் சுவரோரம் உட்கார்ந்துவிடுகிறார்கள். கூடவே, இரவில் நடந்ததால் வழியில் இருந்த மலையும் தோட்டமும் ஊரும் அவர்கள் கண்ணில் படாமலே போய்விடுகின்றன. நடை பழகாத ஒருவரும் காலைக் கெடுத்துக்கொள்ளாமல் பழனி சேர முடியும். அதற்கு வேண்டியது மூன்று நாள் அவகாசமும், வெயில் ஏறுமுன் நிறுத்திக்கொள்ளும் கட்டுப்பாடும்தான். விரதமிருந்து மாலை போட்டு நடப்பவர்களுக்கும், நடையை விரும்பி வருகிறவர்களுக்கும் இந்தக் கணக்கு ஒன்றேதான்.

வழி விவரம்

தொடக்கம்: திண்டுக்கல் பேருந்து நிலையம்.
முடிவு: பழனி அடிவாரம்.
முதல் நாள்: திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம், மூலச்சத்திரம். சுமார் 20 கி.மீ.
இரண்டாம் நாள்: மூலச்சத்திரம், ஒட்டன்சத்திரம், விருப்பாட்சி. சுமார் 22 கி.மீ.
மூன்றாம் நாள்: விருப்பாட்சி, சத்திரப்பட்டி, ஆயக்குடி, பழனி. சுமார் 18 கி.மீ.
நிலம்: பெரும்பாலும் சமவெளி, லேசான மேடு பள்ளம். செங்குத்தான ஏற்றம் பழனி மலைப்படி மட்டும்.
ஏற்ற காலம்: மார்கழி, தை, மாசி முற்பாதி.

எப்போது நடப்பது

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, மார்கழிப் பனி இறங்கும்போது இந்தச் சமவெளி நடைக்கு ஏற்றதாகிறது. தை மாதத்துக் காலையில் போர்வை வேண்டியிருக்கும். பத்து மணிக்கு மேல் வெயில் உறைக்கும். தைப்பூசத்தை ஒட்டி நடந்தால் சோற்றுக்கும் தண்ணீருக்கும் கவலையில்லை. வழியெங்கும் அன்னதானப் பந்தல், நீர்மோர், சுக்குக்காபி, படுக்க மண்டபம் எல்லாம் கிடைக்கும். ஆனால் கூட்டமும் ஒலிபெருக்கிச் சத்தமும் இருக்கும். இடம் பிடிக்கக் காத்திருக்க வேண்டும். பூசத்துக்கு முந்தைய மூன்று நான்கு நாட்கள் நெரிசலின் உச்சம். பத்துப் பன்னிரண்டு நாள் முன்னதாகப் புறப்பட்டால் பந்தல்கள் போட்டிருப்பார்கள், சாலையில் மூச்சுவிட இடமும் இருக்கும்.

பங்குனி உத்திரத்துக்கும் பழனி நிறையும். கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்துவரும் கொங்குநாட்டுக் காவடிகளின் காலம் அது. அப்போது தார்ச்சாலை கொதிக்கும். முதன்முறை நடப்பவர்களும் பிள்ளைகளைக் கூட்டிவருபவர்களும் பங்குனியைத் தவிர்த்துத் தையைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

விழா இல்லாத நாட்களில் நடப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். பந்தல்கள் இருக்காது. தங்கும் விடுதிகளைத் தேடி எடுக்க வசதியான ஊர்கள் திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், பழனி மூன்றும்தான். அன்றைய நடையை முடித்த இடத்தில் பேருந்து ஏறி, பக்கத்திலுள்ள இந்த ஊர்களில் ஒன்றில் தங்கி, மறுநாள் விடியற்காலை அதே நிறுத்தத்தில் வந்து இறங்கி நடையைத் தொடரலாம். திண்டுக்கல் – பழனி சாலையில் பேருந்துக்குப் பஞ்சமில்லை என்பதால் இந்த ஏற்பாடு சிரமமில்லாமல் நடக்கும்.

ஒரு மாதம் முன்பே

நடைக்கு ஒரு மாதம் முன்பிருந்து நாள்தோறும் ஐந்து கிலோமீட்டர் நடங்கள். கடைசி இரண்டு வாரங்களில் இரண்டு முறையாவது பதினைந்து கிலோமீட்டர் நடந்து பாருங்கள். நீங்கள் தூக்கப்போகும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே நடக்க வேண்டும். எந்தப் பட்டை உறுத்துகிறது, செருப்பின் எந்த ஓரம் கடிக்கிறது என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். புதுச்செருப்போடு இந்த வழியில் இறங்கவே கூடாது.

வெறுங்காலில் நடக்க நேர்ந்துகொண்டவர்கள், வீட்டு வாசலிலும் மண்பாதையிலும் வெறுங்காலில் நடந்து பாதத்தைப் பழக்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வெறுங்காலில் நடக்கவே வேண்டாம். நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் முள் குத்தியதும் சூடுபட்டதும் தெரியாது. தெரியவரும்போது புண் ஆழமாகியிருக்கும். செருப்பணிந்து நடப்பதால் நேர்த்தி குறைந்துவிடுமோ என்று தயங்குகிறவர்களிடம் குருசாமிகள் முன்கூட்டியே பேசித் தெளிவுபடுத்த வேண்டும்.

பையில் என்னென்ன

பை ஐந்து கிலோவைத் தாண்டக் கூடாது. மாற்று உடை ஒரு ஜோடி, துண்டு, மெல்லிய போர்வை, விரிப்பு, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், எவர்சில்வர் தட்டும் தம்ளரும், பருத்திக் காலுறை இரண்டு ஜோடி, தேங்காயெண்ணெய், முள்வாங்கி, பஞ்சு, பிளாஸ்திரி, உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகள், டார்ச், ஆதார் அட்டை, சில்லறைப் பணம். இவை போதும். முதுகுப்புறம் ஒட்ட ஒளிரும் ஸ்டிக்கர் பட்டை ஒன்று கட்டாயம் வேண்டும். விழாக் காலத்தில் காவல்துறையினர் வழியில் கொடுப்பார்கள். அதை நம்பியிராமல் கையோடு கொண்டுபோவது பாதுகாப்பு.

தட்டும் தம்ளரும் எதற்கென்று தோன்றலாம். அன்னதானப் பந்தல்களுக்குப் பக்கத்தில் குவிந்துகிடக்கும் காகிதத் தட்டுகளையும் பிளாஸ்டிக் டம்ளர்களையும் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. அந்தக் குப்பை காற்றில் பறந்து பக்கத்துத் தோட்டத்தில்தான் விழுகிறது. அதை மேயும் மாட்டின் வயிற்றுக்குள்ளும் போகிறது.

நடக்கும் நேரம், நடக்கும் பக்கம்

விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பிப் பத்து மணிக்குள் அன்றைய தூரத்தில் முக்கால் பங்கை முடியுங்கள். மதியம் முழுக்க நிழலில் இருங்கள். நான்கு மணிக்கு மேல் மீதியை நடந்து, இருட்டுமுன் தங்குமிடம் சேர்ந்துவிடுங்கள். கடைசி நாள் மட்டும் இதற்கு விலக்கு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்தச் சாலை மேற்கு நோக்கிப் போகிறது. காலைச் சூரியன் உங்கள் முதுகில் இருக்கும். மாலைச் சூரியன் முகத்துக்கு நேரே நிற்கும். மாலை ஐந்து மணிக்குப் பழனி நோக்கிப் போகும் ஓட்டுநருக்கும் அதே வெளிச்சம் கண்ணைக் கூசச்செய்யும். ஓரமாய் நடக்கும் ஆள் அவருக்குச் சரியாகத் தெரியமாட்டார். காலையில் திண்டுக்கல் நோக்கி வரும் ஓட்டுநருக்கும் இதே சிரமம். ஆகவே இந்த இரு வேளைகளிலும் சாலையை விட்டு நன்றாக விலகி நடங்கள்.

பாதயாத்திரைக்காரர்களுக்கென்று சாலையோரம் நடைபாதை போட்டிருக்கிற இடங்களில் அதிலேயே செல்லுங்கள். நடைபாதை இல்லாத இடத்தில் சாலையின் வலப்பக்கம், எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும்படி நடப்பதே முறை. ஒற்றை வரிசையில் போக வேண்டும். பாட்டும் பேச்சும் சுவாரசியமாகும்போது வரிசை தானாக மூன்று நான்காக விரியும். கூட்டத்தின் முன்னும் பின்னும் பழகிய ஆள் ஒருவரை நிறுத்தினால் அது நடக்காது. நான்குவழிச் சாலை பிரிகிற இடங்களில் ஊருக்குள் போகும் பழைய சாலையையே பிடியுங்கள். தண்ணீர், கடை, நிழல் எல்லாம் அங்கேதான். சாலையோரத்திலும் நிறுத்தியிருக்கும் லாரியின் அடியிலும் எந்தக் காரணத்துக்காகவும் படுக்காதீர்கள்.

முதல் நாள்: திண்டுக்கல் முதல் மூலச்சத்திரம் வரை

முந்தின நாளே திண்டுக்கல் வந்துவிட முடிந்தால் மாலையில் மலைக்கோட்டைக்கு ஏறிப் பாருங்கள். மதுரை நாயக்கர்கள் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டத் தொடங்கிய கோட்டை இது. 1755-இல் மைசூரின் படைத்தலைவராகத் திண்டுக்கல் வந்த ஹைதர் அலி இங்கிருந்துதான் தன் பலத்தைப் பெருக்கிக்கொண்டார். 1790-இல் கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போனது. இப்போது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. உச்சியில் நின்று பார்த்தால் கிழக்கே சிறுமலை, மேற்கே நீண்டு கிடக்கும் பழனி மலைத்தொடர், இரண்டுக்கும் இடையே சமவெளி என இந்த நாட்டின் அமைப்பு முழுவதும் விளங்கும். மறுநாள் நடக்கப்போகும் வழி அந்த மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தை ஒட்டித்தான் போகிறது. மலையடியில் கோட்டை மாரியம்மன் கோயில். கும்பிட்டுவிட்டுச் சீக்கிரம் படுத்துக்கொள்ளுங்கள்.

காலையில் பழனி சாலையில் முருகபவனம் தாண்டும்வரை நகரத்தின் நெரிசல் இருக்கும். அதன்பின் கடைகள் குறைந்து, முத்தனம்பட்டி, குட்டத்துப்பட்டி பக்கம் வரும்போது சாலையின் இருபுறமும் வயல்வெளி திறக்கும். இனி மூன்று நாளும் மலைத்தொடர் உங்கள் இடக்கைப் பக்கமே கூட வரும். அதன் உச்சியில்தான் கொடைக்கானல் இருக்கிறது.

சுமார் 15 கிலோமீட்டரில் ரெட்டியார்சத்திரம். காலைச் சாப்பாட்டுக்கும் நீண்ட ஓய்வுக்கும் ஏற்ற இடம். ஊர்ப்பக்கத்துக் குன்றின்மேல் கோபிநாதசுவாமி கோயில் உண்டு. சுற்றுவட்டார விவசாயிகள் தங்கள் ஆடுமாடுகளின் நலத்துக்காக வேண்டிக்கொண்டு பால் கொண்டுவரும் கோயில் அது. பாதயாத்திரையின் முதல் நாளிலேயே குன்றேறிக் காலைச் சோர்வாக்கிக்கொள்ள வேண்டாம். கீழிருந்தே கும்பிட்டு, திரும்பும்போது வண்டியில் வந்து ஏறலாம். இஸ்ரேல் ஒத்துழைப்போடு அமைந்த காய்கறி மகத்துவ மையமும் இந்த ஊரில்தான். சுற்றிலும் நிழல்வலைக் கூடாரங்களும் சொட்டுநீர்க் குழாய்களும் தென்படுவதில் வியப்பில்லை. தெற்கே பிரியும் சாலை கன்னிவாடிக்குப் போகிறது. திண்டுக்கல் சீமையின் பெரிய பாளையங்களில் ஒன்று அது.

மாலையில் மீதித் தூரத்தை நடந்து மூலச்சத்திரத்தில் நிறுத்துங்கள். கால் நன்றாக இருக்கிறதே, இன்னும் ஐந்து மைல் போகலாமே என்று முதல் நாள் மாலை எல்லோருக்கும் தோன்றும். அந்த ஐந்து மைல்தான் இரண்டாம் நாள் கொப்புளமாக எழும். நிறுத்திக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் காலை வைத்து, ஈரம் போகத் துடைத்து, தேங்காயெண்ணெய் தடவி, சுவரில் காலைத் தூக்கி வைத்துப் படுங்கள்.

இரண்டாம் நாள்: மூலச்சத்திரம் முதல் விருப்பாட்சி வரை

உடம்புக்குக் கடினமான நாள் இதுதான். காலையில் எழுந்ததும் கெண்டைக்கால் மரத்துப்போயிருக்கும். முதல் இரண்டு கிலோமீட்டரை மெதுவாக நடந்தால் தானே இளகிவிடும். வலி குறையாமல் ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருந்தால் அது வெறும் சோர்வல்ல, சுளுக்கோ தசைநார்ப் பிசகோ ஆக இருக்கலாம். அப்போது பேருந்தில் ஏறிவிடுவது அவமானம் இல்லை.

லெக்கையன்கோட்டை தாண்டி ஒட்டன்சத்திரம் வரும். தமிழ்நாட்டின் பெரிய காய்கறிச் சந்தைகளில் ஒன்று இங்கே நடக்கிறது. சுற்றியுள்ள சமவெளியிலிருந்தும் மலையிலிருந்தும் வரும் முருங்கைக்காய், தக்காளி, வெண்டை, கத்தரி, வெங்காயம் மூட்டை மூட்டையாக ஏலம் போய், பெரும்பகுதி கேரளத்துக்கு லாரி ஏறுகிறது. சந்தையைப் பார்க்க வேண்டியதுதான். ஆனால் பையோடும் கூட்டத்தோடும் உள்ளே நுழைந்து சுமைதூக்குவோருக்கு இடைஞ்சல் செய்யாதீர்கள். லாரிகள் பின்னோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும் இடம் அது. பிள்ளைகள் கையை விடவே கூடாது.

மருத்துவ உதவி தேவைப்பட்டால் இந்த வழியில் அதற்கு ஏற்ற ஊர் ஒட்டன்சத்திரம். அரசு மருத்துவமனை இருக்கிறது. 1955-இல் தொடங்கிய கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனையும் இருக்கிறது. கொப்புளத்தில் சீழ் வைத்திருந்தாலோ, முறிந்த முள் உள்ளே தங்கியிருந்தாலோ இங்கேயே காட்டிவிட்டுக் கிளம்புங்கள். குழந்தை வேலப்பர் கோயிலிலும் பாதயாத்திரைக்காரர்கள் நின்று கும்பிட்டுப் போவது வழக்கம்.

ஒட்டன்சத்திரத்தைச் சுற்றிய தோட்டங்களில் கம்பிப் பந்தல் கட்டிப் படரவிட்ட ஒரு கொடியைக் காண்பீர்கள். கண்வலிக்கிழங்கு என்று உழவர்கள் சொல்லும் செங்காந்தள் அது. விதை மருந்துத் தயாரிப்புக்குப் போகிறது, விலையும் அதிகம். பூவின் அழகில் மயங்கிப் பறிக்க வேண்டாம். கிழங்கு, விதை, இலை எல்லாமே நஞ்சு. பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவையுங்கள்.

மாலை நடையில் விருப்பாட்சி. இந்த வழியில் ஓர் ஊரில் கூடுதலாக நேரம் செலவழிக்க முடிந்தால் அது விருப்பாட்சியாக இருக்கட்டும். 1772-இல் காளையார்கோவில் போரில் கணவர் முத்துவடுகநாதர் இறந்தபின், மகளோடும் மருது சகோதரர்களோடும் தப்பிவந்த வேலுநாச்சியாருக்கு அடைக்கலம் கொடுத்தவர் விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர். ஹைதர் அலியின் உதவியும் சேர்ந்துதான் 1780-இல் சிவகங்கையை நாச்சியார் மீட்டார். அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் வாழ்ந்தது இந்த மலையடிவாரத்திலும் திண்டுக்கல்லிலும்தான். பின்னர் கோபால நாயக்கர் திண்டுக்கல் பாளையக்காரர்களைத் திரட்டி, 1800-இல் கோயம்புத்தூர்க் கோட்டையைத் தாக்கத் திட்டமிட்ட கூட்டணியில் முன்நின்றார். 1801-இல் ஆங்கிலேயர் அவரைத் திண்டுக்கல்லில் தூக்கிலிட்டார்கள். விருப்பாட்சியில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. பாளையக்காரர் வரலாற்றைக் கட்டபொம்மனோடு நிறுத்திவிடுகிற பிள்ளைகளை இங்கே கூட்டிவந்து காட்ட வேண்டும்.

ஊருக்குத் தெற்கே மலையிறங்கி வரும் நங்காஞ்சி ஆற்றில் தலையூத்து அருவி விழுகிறது. பாறை வழுக்கும், மழைக்குப்பின் வெள்ளம் திடீரென்று ஏறும். களைத்த காலோடு போகிற இடமல்ல. ஒரு நாள் கூடுதலாகக் கையில் இருந்து, ஊர்க்காரர் ஒருவர் துணைக்கு வந்தால் மட்டும் போங்கள்.

இந்த ஊரின் பெயரைச் சுமக்கும் விருப்பாச்சி மலைவாழைக்கும் சிறுமலை மலைவாழைக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. தோல் தடித்து, சதை கெட்டியாக, நீர்ப்பதம் குறைவாக இருக்கும் பழம். பழுத்தபின்னும் அழுகாமல் வாடி நிற்கும் இந்தக் குணத்தால்தான் அது பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு உகந்ததாயிற்று. மலைச்சரிவில், காப்பிச் செடிகளுக்கு நடுவே, மழையை நம்பி வளர்வது. முடிக்கொத்து நோய் தாக்கி மலைத்தோட்டங்கள் பெருமளவு அழிந்தபின், மீண்டும் வளர்த்தெடுத்திருக்கிறார்கள். கடையில் கிடைத்தால் ஒரு சீப்பு வாங்குங்கள். நடைக்கு இதைவிட நல்ல தீனி இல்லை.

மூன்றாம் நாள்: விருப்பாட்சி முதல் பழனி வரை

இன்று மட்டும் நான்கு மணிக்கே கிளம்புங்கள். சத்திரப்பட்டியில் விடியட்டும். மலையின் மடிப்புகள் ஒவ்வொன்றாகத் தெளியும் அந்த ஒரு மணி நேரம் இந்த நடையிலேயே அழகானது. நின்று பார்த்துவிட்டுப் போகலாம். இன்றைக்குத் தூரம் குறைவு.

ஆயக்குடியில் கொய்யாத் தோட்டங்கள் தொடங்கும். பறித்த கையோடு கூடைகளில் வந்து இறங்கும் பழத்தைச் சாலையோரத்திலேயே விற்பார்கள். அரசுத் தேர்வு எழுதும் இளைஞர்களுக்கு இலவசமாகப் பயிற்சி தரும் மையத்துக்காகவும் இந்த ஊர் தமிழ்நாடு முழுக்கப் பெயர் பெற்றது. கொய்யாவைக் கழுவித் தின்னுங்கள். தோட்டத்து வேலிக்குள் கையை நீட்டாதீர்கள். ஆயிரக்கணக்கானோர் கடந்துபோகும் வழியில் ஆளுக்கொரு காய் என்றால் அந்தக் குடும்பத்தின் ஒரு பருவத்து வருமானமே போய்விடும்.

ஆயக்குடியிலிருந்து பழனி ஒன்றரை மணி நேர நடைதான். இந்தக் கடைசித் தூரத்தில் எல்லோருக்கும் வேகம் பிடிக்கும். மலை கண்ணுக்குத் தெரிவதால் வரும் வேகம் அது. சாலையிலும் வண்டி மிகுந்துவிடும். கூட்டத்தில் பின்தங்கியவருக்காக நின்று, எல்லோரும் சேர்ந்தே ஊருக்குள் நுழையுங்கள்.

பழனியில்

அடிவாரம் சேர்ந்ததும் நேராகப் படியேற வேண்டாம். குளித்து, சாப்பிட்டு, இரண்டு மணி நேரமாவது காலை நீட்டிப் படுங்கள். முதலில் அடிவாரத்துத் திருஆவினன்குடிக் கோயிலை வணங்குவது மரபு. ஆறுபடை வீடுகளில் மூன்றாவது அதுவே. அடுத்துக் கிரிவீதியில் மலையைச் சுற்றி வந்து, பிறகு ஏறலாம். படிகள் ஏறக்குறைய 690. படியேற முடியாதவர்களுக்குச் சாய்வாகச் செல்லும் யானைப்பாதை எளிது. 1966-இல் தொடங்கிய விஞ்சும் 2004-இல் வந்த ரோப்காரும் இருக்கின்றன. பராமரிப்புக்காக அவற்றை நிறுத்தும் நாட்கள் உண்டு என்பதால் முன்கூட்டி விசாரித்துக்கொள்ளுங்கள். காவடி எடுத்தவர்கள் வழியில் இடும்பனை வணங்கி ஏறுவார்கள். இரு மலைகளைக் காவடியாகச் சுமந்துவந்த இடும்பனின் கதையிலிருந்தே காவடி வழக்கம் பிறந்தது என்பது நம்பிக்கை.

2023 அக்டோபர் முதல் மலைக்கோயிலுக்குள் கைப்பேசி கொண்டுபோகத் தடை. கீழே பாதுகாப்பு மையத்தில் கொடுத்துச் சீட்டு வாங்க வேண்டும். கூட்டமாக வந்தவர்கள் மேலே பிரிந்துவிட்டால் கூப்பிட்டுக் கண்டுபிடிக்க முடியாது. எந்த இடத்தில், எத்தனை மணிக்குச் சந்திப்பது என்று ஏறுமுன்னே பேசிவையுங்கள். சிறுபிள்ளைகளின் சட்டைப்பையில் பெரியவர் பெயரும் எண்ணும் எழுதிய சீட்டை வையுங்கள்.

கோயிலில் நாள் முழுவதும் அன்னதானம் உண்டு. பஞ்சாமிர்தத்தைத் தேவஸ்தானக் கடையிலேயே வாங்குங்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது அந்தப் பஞ்சாமிர்தம்தான். மலைவாழை, நாட்டுச்சர்க்கரை, பசுநெய், தேன், ஏலம் சேர்ந்த அந்தப் பிரசாதத்தில், நீங்கள் கடந்துவந்த மலையடிவாரத்தின் விளைச்சலும் கலந்திருக்கிறது.

கால் பராமரிப்பு: சுருக்கமாக

ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நின்று செருப்பைக் கழற்றிப் பாதத்தைக் காற்றாட விடுங்கள். தோல் சிவந்து எரியத் தொடங்கும் இடமே கொப்புளம் வரப்போகும் இடம். உடனே அங்கே பிளாஸ்திரி ஒட்டுங்கள். எழும்பிவிட்ட கொப்புளத்தை ஊசியால் குத்தாதீர்கள். தோல் மூடியிருக்கும்வரை கிருமி நுழையாது. தானே உடைந்தால் சுத்தமான நீரில் கழுவி, மருந்து போட்டுக் கட்டுங்கள். சாலையோரம் நெருஞ்சியும் சீமைக்கருவேல முள்ளும் கிடக்கும். வெறுங்காலில் நடப்பவர்கள் இருட்டில் டார்ச்சைத் தரையில் அடித்தபடியே போக வேண்டும். இரும்புக் கம்பியோ ஆணியோ ஆழமாகக் குத்தினால் அன்றைக்கே மருத்துவரைப் பார்த்து டெட்டனஸ் ஊசி பற்றிக் கேளுங்கள்.

தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அரைமணிக்கொரு தரம் கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள். சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று பொருள். தலைசுற்றல், குமட்டல், வியர்வை நின்று உடல் கொதித்தல் ஆகியவை வெயில் தாக்கியதன் அடையாளம். உடனே நிழலில் கிடத்தி, உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். நெஞ்சில் அழுத்தமோ மூச்சுத்திணறலோ வந்தால் களைப்பு என்று எண்ணி உட்கார வைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

ஊர்களுக்கு நாம் செய்ய வேண்டியது

இந்த வழி நெடுகச் சத்திரங்களை ஒட்டி வளர்ந்த ஊர்கள். நடந்து வருகிறவரைச் "சாமி" என்று அழைத்துத் தண்ணீர் கொடுப்பது இங்கே பழக்கமாகிவிட்ட காரியம். தெரியாத வீட்டுத் திண்ணையிலும் "உக்காருங்க சாமி" என்ற குரல் கேட்கும். பந்தல் போடுகிறவர்களில் பெரிய முதலாளிகளும் உண்டு. தெருக்காரர்கள் சேர்ந்து பணம் பிரித்து மோர் கரைக்கும் சின்னப் பந்தல்களும் உண்டு. அந்தச் சின்னப் பந்தலில் உங்களுக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, மீதம் வைக்காமல் சாப்பிடுங்கள்.

கிணற்றடியிலும் பம்புசெட்டிலும் குளிக்குமுன் தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வாய்க்காலில் சோப்புப் போடாதீர்கள். பள்ளிக்கூடத்திலோ சமுதாயக் கூடத்திலோ தங்கினால் காலையில் பெருக்கிவிட்டுக் கிளம்புங்கள். மறுநாள் அங்கே பிள்ளைகள் உட்கார வேண்டும். மலசலம் கழிக்கத் தற்காலிகக் கழிப்பறைகளையும் பெட்ரோல் பங்குகளையும் தேடிப் பயன்படுத்துங்கள். பெண்கள் இருக்கும் கூட்டம் என்றால், ஒவ்வொரு நாளும் எங்கெங்கே கழிப்பறை உண்டு என்பதை முன்னால் போய் விசாரித்துவர ஒருவரை நியமிப்பது கூட்டத் தலைவரின் கடமை. கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் நடக்கும் பெண்கள்தான் வழியில் அதிகமாக மயங்கி விழும் ஆபத்தில் இருக்கிறார்கள்.

திரும்பும் வழி

பழனியிலிருந்து திண்டுக்கல்லுக்கு இரவும் பகலும் பேருந்து உண்டு. ரயில்கள் எண்ணிக்கையில் குறைவு. நேரம் ஒத்துவந்தால் காலை நீட்டி உட்கார்ந்து வர ரயிலே சுகம். தரிசனம் முடிந்த அன்றே வேனில் ஏறி ஊர் திரும்பும் கூட்டங்கள், மூன்று நாள் உறக்கம் கெட்ட ஓட்டுநரிடம் வண்டியைக் கொடுக்கக் கூடாது. நடந்தபோது எடுத்த கவனமெல்லாம் அந்த ஒரு தவற்றில் வீணாகிவிடும். அன்றிரவு பழனியில் தங்கி, நன்றாக உறங்கி எழுந்த ஓட்டுநரோடு காலையில் கிளம்புங்கள்.

வீடு சேர்ந்தபின் ஒரு வாரம் பாதத்தைத் தினமும் பாருங்கள். ஆறாத புண் இருந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். எந்த இடத்தில் நடைபாதை இடிந்திருந்தது, எங்கே விளக்கு இல்லை, எந்த ஊரில் கழிப்பறை போதவில்லை என்பதைக் கூட்டத்தினர் உட்கார்ந்து எழுதி, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் தேவஸ்தானத்துக்கும் மனுவாக அனுப்புங்கள். பூசத்துக்குச் சில வாரம் முன்பு அனுப்பினால் வேலை நடக்காது. ஆடி ஆவணியிலேயே அனுப்பினால், மழைக்குமுன் சரிசெய்ய அவகாசம் இருக்கும்.